எப்போது எடுத்த ரத்தம் இது?

போன மாதம் ஒரு வேலையாக என் பழைய மருத்துவமனைக்குப் போயிருந்தேன். லிஃப்டில் இரண்டு இளம் மருத்துவர்கள் ஏறினார்கள். ஒருவர் மற்றவரிடம், “அந்த ஜன்னல் ஓரத்து பெட் மோசம்டா, ரேஷியோ எகிறிடுச்சு” என்றார். மற்றவர் உச்சுக் கொட்டினார். அந்தக் கட்டிலில் கிடப்பவர் ஆணா பெண்ணா என்பதுகூட அந்தப் பேச்சில் இல்லை. நான் போக வேண்டிய மாடிக்கு முந்தின மாடியிலேயே இறங்கிவிட்டேன். இறங்காவிட்டால் ஏதாவது சொல்லியிருப்பேன். ஓய்வு பெற்றும் கிழவிக்கு வாய் அடங்கவில்லை என்று பெயராகியிருக்கும். வீட்டுக்கு வந்தும் எரிச்சல் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்த மருத்துவர்கள். பொறுமையாகப் படியுங்கள், அல்லது பொறுமையில்லாமல் படியுங்கள், படித்தால் போதும்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியாது. நான் மயக்க மருத்துவர். முப்பது வருடத்துக்கு மேல் கோவையில் இதே வேலை, அதில் பெரும்பகுதி சிறுநீரக அறுவைப் பிரிவில். எங்களை நோயாளிகள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நாங்கள் வேலையைத் தொடங்கியதும் அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். கும்பிடும் ஆப்பிள் பையும் அறுவை மருத்துவருக்குப் போகும். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் அறுவைக்கு முன்பு ஒரு நோயாளியைத் தனியாக உட்கார வைத்து, பல்லிலிருந்து பாதம் வரை கேள்வி கேட்பவர் நாங்கள்தான். அந்தக் கேள்விகளை இப்போது டேப்லெட்டில் டிக் அடிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

அந்த ரேஷியோ விஷயத்துக்கு வருகிறேன். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை, லிம்ஃபோசைட் என்று ஒரு வகை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். உடம்புக்குள் ஏதோ ஒன்று புகைந்துகொண்டிருந்தால் முதலாவது கூடும், இரண்டாவது குறையும், எண் ஏறும். சிறுநீரகம், சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பை இவற்றில் புற்று வந்து அறுவை செய்துகொண்டவர்களைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், முன்கூட்டியே இந்த எண் ஏறியிருந்தவர்களில் அதிகம் பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது. இது பொய்யில்லை. ஆராய்ந்து சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய செய்தி. உங்கள் முன்னால் கட்டிலில் கிடப்பது கூட்டம் இல்லை, ஒரு ஆள். இந்தச் சின்ன விஷயத்தை எத்தனை முறை சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய் மறுபடியும் அதே காரியத்தைச் செய்கிறீர்கள்.

நான் படித்த காலத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். சிடுமூஞ்சி. என் சிடுசிடுப்பில் பாதி அவரிடம் கற்றது. எந்த ரிப்போர்ட்டை நீட்டினாலும் கையில் வாங்காமல், “எப்ப எடுத்த ரத்தம் இது?” என்பார். “காலையில சார்” என்று சொன்னவர்கள் வசமாக மாட்டிக்கொள்வார்கள். அவர் கேட்டது மணியை இல்லை. காய்ச்சலுக்கு முன்பா பின்பா, டியூப் போடுவதற்கு முன்பா பின்பா, அன்றைக்கு அந்த ஆள் என்ன மாத்திரை விழுங்கியிருந்தார் என்பதையெல்லாம் கேட்டார். பதில் தெரியாவிட்டால் ரிப்போர்ட்டோடு வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அவரைத் திட்டாத மாணவர் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன்.

இனி நாச்சம்மாள் கதை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டம் வைத்திருந்தவர். கணவர் இறந்து வெகு காலம். ஒரே மகன் செந்தில், சூலூரில் விசைத்தறி ஓட்டுபவர். நாச்சம்மாளுக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில், இடது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் மேல்முனையில் புற்று. வேறு எங்கும் பரவவில்லை. சிறுநீரகத்தையும் குழாயையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று அறுவைப் பிரிவின் தலைவரான எங்கள் பெரிய டாக்டர் முடிவு செய்தார். காலத்தோடு எடுத்தால் நல்லபடியாக இருக்க வாய்ப்புண்டு, விட்டுவைத்தால் பரவும். இதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல். நாச்சம்மாளிடம் சொல்லியிருந்தது ‘கல்லு’ என்று. நம் பக்கத்தில் இது வழக்கம்தான். சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தெரியும், பால் ஊற்ற வருபவருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியக் கூடாது. செந்தில் எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடித்து, அம்மாவிடம் கல்லு என்றே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தார். வார்டைக் கூட்டுபவரைக்கூட விடவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் அவரைச் சக்கர நாற்காலியில் என் அறைக்கு அழைத்து வந்தார்கள். முழங்கால் இரண்டும் தேய்ந்து வளைந்திருந்தன. நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெள்ளை அணு ஏறியிருந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு எடுத்த ரிப்போர்ட்டில் சர்க்கரையே இல்லை. காய்ச்சல் இல்லை, சிறுநீரில் கிருமியும் வளரவில்லை. எங்கேயோ இடித்தது. ஆனாலும் வரிசையாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இதயத்துக்கு எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

“மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குமாங்க?”

“மாடி என்னங்க மாடி. போன வாரந்தான் கரட்டுக் கோயிலுக்கே ஏறிப்போட்டு வந்தனுங்க.”

கரடு என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன மலை. படி இருக்கும், ஆனால் படி என்று சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. இந்த முட்டியை வைத்துக்கொண்டா என்று கேட்டேன்.

“ஊசி போட்டுக்கிட்டனுங்க. மாத்திரையும் பொட்டணம் கட்டிக் குடுத்தாங்க. அதைப் போட்டா முட்டி பஞ்சாட்டம் இருக்குமுங்க. பசியும் நெம்ப எடுக்குது.”

பையில் இன்னும் இருக்கிறதா என்றேன். மடித்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள். ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டியிருக்குமே என்று, சேர்ந்த அன்று காலையில்கூட ஒன்று போட்டிருந்தார். ரத்தம் எடுத்தது அன்றைக்குத்தான்.

உங்களுக்குப் புரிந்திருக்கும், புரியாவிட்டால் வேறு வேலை தேடுங்கள். ஸ்டீராய்டு. வலிக்கு இதை மிட்டாய் மாதிரி கொடுக்கும் கிளினிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அது பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், நியூட்ரோஃபிலை ரத்தத்துக்குள் கொண்டுவந்து கொட்டும், லிம்ஃபோசைட்டை விரட்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு இது தெரியாவிட்டால் அறுவை மேசையில் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். அதனால் அதை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ரேஷியோவின் நினைப்பே இல்லை, அதை அதற்குள் ஒருவர் கணக்குப் போட்டு முடித்திருந்தார் என்பதும் தெரியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு செந்தில் வந்தார். கண் சிவந்திருந்தது. இனிச் செக்கப் எதுவும் வேண்டாம், ஊருக்குப் போகிறோம் என்றார். நாச்சம்மாள் மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து செந்திலை வெளியே அழைத்துப் போனேன்.

நடந்தது இதுதான். பெரிய டாக்டரிடம் பயிற்சியில் இருந்த ஓர் இளம் மருத்துவர், குடும்பத்தார் அவரைச் சின்ன டாக்டர் என்பார்கள், அன்று காலை ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறார். போனில் இருக்கும் கால்குலேட்டரில் அந்த ரேஷியோவைக் கணக்குப் போட்டிருக்கிறார். வரம்பைத் தாண்டியிருக்கிறது. காண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த செந்திலிடம், அம்மாவின் ரத்தத்தில் நோயைக் காட்டும் மார்க்கர் நன்றாக இல்லை, இப்படி இருப்பவர்கள் ஆபரேஷன் செய்தாலும் அதிக காலம் இருப்பதில்லை, எதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்கு அதிக எரிச்சல். கெட்ட எண்ணத்தில் செய்பவனைத் திட்டி விரட்டிவிடலாம்.

“பொழைக்க மாட்டாங்கன்னா அப்பறம் என்னத்துக்குங்க அறுத்துச் சித்திரவதை பண்ணோணும்? இருக்கற வரைக்கும் ஊட்ல இருக்கட்டும்” என்றார் செந்தில். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமன்மாரிடமும் போனில் பேசி முடித்துவிட்டாராம். கார் வந்துகொண்டிருந்தது.

சாமிகூட நல்ல வாக்குக் கொடுத்ததே, டாக்டரே இப்படிச் சொல்லிவிட்டாரே என்று புலம்பினார். அப்போதுதான் கரட்டுக் கோயிலுக்கு எதற்குப் போனார்கள் என்று தெரிந்தது. பூக் கேட்கப் போயிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, குலதெய்வத்தின் முன் போட்டு, காரியத்தை மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எந்த நிறம் நல்லது என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். கல்யாணம் பேசுவதிலிருந்து போர்வெல் போடுவது வரை எங்கள் ஆட்கள் பூக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. நாச்சம்மாளுக்கு வெள்ளைப் பூ வந்திருக்கிறது. சாமி ஆபரேஷனுக்கு உத்தரவு கொடுத்துவிட்டது என்று குடும்பமே சந்தோஷமாக இறங்கி வந்திருக்கிறது. இதைக் கேட்டுச் சின்ன டாக்டர் சிரித்தாராம்.

ஆக, பூக் கேட்க மலையேற வேண்டும், மலையேற முட்டிக்கு ஊசி வேண்டும், அந்த ஊசி ரத்தத்தில் எண்ணை ஏற்றிவிட்டது, எண் ஏறியதால் பூ சொன்ன காரியம் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆனால் அந்த நிமிடத்தில் செந்திலிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். காரை வரச் சொல்லிவிட்டு அழுதுகொண்டு நிற்கும் மனிதருக்கு நியூட்ரோஃபில் பாடம் எடுத்தால் காதில் ஏறாது. எண் தப்பு என்று ஒரு மருத்துவர் சொன்னால், தப்பாகச் சொன்னது யார், இவரா அவரா என்ற கேள்விதான் மனதில் நிற்கும். ஒரு முறை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டால் இப்படிப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை, வரும்போது வயிறெல்லாம் பரவியிருக்கும். எனக்கு அன்றைக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த அம்மாள் அந்தக் காரில் ஏறக் கூடாது.

அதனால் எல்லோருக்கும் புரியும் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். “சர்க்கரை ஏறிக் கெடக்குதுங்க செந்தில். இப்படியே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா அங்க போய் மயக்கம் போட்டு உழுவாங்க. அது அடங்கட்டும். அப்பறம் போறதா இருக்கறதான்னு பேசிக்கலாம்.” அது பொய்யில்லை, சர்க்கரை நிஜமாகவே ஏறித்தான் இருந்தது. செந்தில் யோசித்தார். காரை வர வேண்டாம் என்று போன் செய்தார்.

பிறகு சின்ன டாக்டரைத் தேடிப் போனேன். நல்ல பையன், நிறையப் படிப்பவர், அறுவையில் கையும் சுத்தம். அதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரைப் பொட்டலத்தை மேசையில் வைத்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. குடும்பத்திடம் உண்மையைச் சொல்வது தப்பா மேடம் என்று கேட்டார்.

“உண்மையைச் சொல்லுங்க கண்ணு, யாரு வேண்டாம்னா. அந்தம்மா எத்தனை காலம் இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றார்.

“அப்பத் தெரியாதுங்கறதுதானே உண்மை? அதை ஏன் சொல்லலை?”

பூவைப் பார்த்துச் சிரித்தவர் செய்தது என்ன என்றும் கேட்டேன். ஒரு வரம்பு, அதற்குக் கீழே இருந்தால் வெள்ளை, மேலே போனால் சிவப்பு. பூக் கேட்டவர்களாவது கும்பிட்டுவிட்டுக் கேட்டார்கள். இவர் அந்த அம்மாளிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். நர்ஸ்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெரிய டாக்டர் அறுவையைச் சில நாள் தள்ளி வைத்தார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வரும் தொல்லைக்கும் ஏற்பாடு செய்துகொண்டு மெதுவாகக் குறைத்தோம். சர்க்கரை இறங்கியது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அணுக்கள் எல்லாம் தம் இடத்துக்குப் போய்விட்டன, எண்ணும் வரம்புக்குள் வந்துவிட்டது.

கதை இங்கே முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். வார்டுக்குள் நுழையும்போது சின்ன டாக்டர் கையில் போனோடு ஓட்டமும் நடையுமாக எதிரே வருகிறார். முகமெல்லாம் வெளிச்சம். எங்கே போகிறீர்கள் என்றேன். எண் நார்மல் மேடம், செந்திலிடம் இனிப் பயமில்லை என்று சொல்லப் போகிறேன் என்றார்.

முதல் நாள் வந்த கோபம் எனக்கு இப்போது வந்த கோபத்தில் பாதிகூட இல்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“இந்த எண் இறங்காமலே இருந்திருந்தா, பெரிய டாக்டர் ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருப்பாரா?”

யோசித்தார். “இல்ல மேடம். செஞ்சிருப்பார்.”

“அப்ப எதுக்கு ஓடறீங்க?”

இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு எண்ணைக் கெடுத்துவிட்டது, சரியான எண்ணை எடுத்துவிட்டோம், எல்லாம் சுபம் என்று புரிந்துகொண்டால் நான் இவ்வளவு தூரம் எழுதியது வீண். கெட்ட எண்ணை நம்பிக் கைவிடுவதும், நல்ல எண்ணை நம்பிப் பயமில்லை என்று வாக்குக் கொடுப்பதும் ஒரே தப்புதான். ஒன்றுக்கு அழுவார்கள், இன்னொன்றுக்கு ஜிலேபி வாங்கிவருவார்கள், அதுதான் வித்தியாசம். நல்ல எண்ணோடு உள்ளே போய் இரண்டாவது வருடமே நோய் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பங்கள் எங்களைப் பார்த்த பார்வையும் தெரியும். எண்ணை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், செய்ய நிறைய இருக்கிறது. உடம்பில் வேறு என்ன புகைகிறது என்று தேடலாம், சாப்பாட்டைத் தேற்றலாம், அறுவைக்குப் பிறகு அடிக்கடி வரச் சொல்லலாம். காண்டீனில் வைத்து ஆயுளைச் சொல்ல மட்டும் முடியாது.

சரி, செந்திலிடம் யார் என்ன சொல்வது என்ற கேள்வி இருந்தது. பெரிய டாக்டரும் நானும் உட்கார்ந்து, மாத்திரை விஷயம் முழுவதையும் சொன்னோம். முன்பு சொன்ன ஆயுள் கணக்குக்கு ஆதாரம் கிடையாது, நல்லபடியாக இருப்பார் என்று இப்போது எழுதித் தரவும் முடியாது, எடுத்துவிடுவதுதான் அவருக்கு இருக்கும் நல்ல வழி என்று பெரிய டாக்டர் சொன்னார். செந்தில் அறுவைக்குச் சம்மதித்தார்.

நான் சம்மதிக்கவில்லை. என்ன நோய் என்று தெரியாத ஒருவருக்கு நான் மருந்து ஏற்ற மாட்டேன் என்றேன். ஒரு சிறுநீரகமே போகிறது. கல்லுக்கு என்று சொல்லி எடுத்துவிட்டு, நாளைக்கு எத்தனை முறை பரிசோதனைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும், அப்போதெல்லாம் எந்தக் கல்லைக் காட்டுவது என்று கேட்டேன். கேட்டால் அம்மா உடைந்துவிடுவார், இத்தனை நாள் காப்பாற்றி வைத்துவிட்டேன், கடைசி நேரத்தில் கெடுக்காதீர்கள் என்று செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. முடிவு சொல்ல வேண்டியது உங்கள் மாமன்மாரும் இல்லை, நானும் இல்லை, உள்ளே படுத்திருப்பவர்தான் என்றேன். கடைசியில், நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று கதவோரம் போய் நின்றுகொண்டார்.

நாச்சம்மாள் கட்டிலில் உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கல்லு இல்லை என்றேன். புற்று என்ற வார்த்தையையும் சொன்னேன். அவர் கொட்டையைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தெரியுமுங்க” என்றார்.

கதவோரம் நின்றவர் நிமிர்ந்தார்.

“கல்லுன்னு சொல்றப்பவே மொகத்தைத் திருப்பிக்கிட்டானுங்க. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? நான் தெரியும்னு சொல்லிப்போட்டா இவன் எங்கூட ஒக்காந்து அழுவான். தெரியாத மாதிரி இருந்தா, எனக்காவ சிரிச்சுக்கிட்டுத் திரிவான். அதுக்குத்தானுங்க பூக் கேட்டேன். இப்படியே தெரியாத மாதிரியே இருந்துக்கட்டுமான்னு. வெள்ளை வந்துருச்சு, கம்முனு இருந்துக்கிட்டேன்.”

குடும்பமே ஆபரேஷனுக்கு உத்தரவு என்று எடுத்துக்கொண்டு மலையிறங்கியிருக்கிறது. அவர் கேட்டதே வேறு. யாரும் அவரிடம் என்ன நினைத்துக் கேட்டாய் என்று விசாரிக்கவில்லை. செந்தில் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் தலையை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நாச்சம்மாள் அவர் தலையைத் தடவிக்கொண்டே, “போதும் சாமி, எந்திரி, டாக்டரம்மா நிக்கறாங்க” என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மகன் முகம் கழுவப் போனதும் என்னைக் கேட்டார். “எடுத்துப்போட்டா எத்தனை காலம் இருப்பனுங்க?”

எல்லா நோயாளிகளும் இதைக் கேட்பார்கள், உங்களையும் கேட்பார்கள். அந்த நிமிடத்தில் கையில் ஒரு எண் இருந்தால் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஓடத் தோன்றும். அதற்குத்தான் நமக்கு எண்கள் இவ்வளவு பிடிக்கின்றன என்று நான் நினைக்கிறேன். அவற்றால் நோயாளியைவிட நமக்குத்தான் ஆறுதல்.

“தெரியாதுங்கம்மா” என்றேன். “வெச்சிருந்தாக் கெட்டுப்போகும், அது தெரியும். எடுத்தா எத்தனை காலம்னு எனக்குத் தெரியாது. இங்க யாருக்கும் தெரியாது.”

அவர் தலையாட்டினார். சாயங்காலம் சம்மதக் கையெழுத்தை அவரே போட்டார்.

மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும் வகுப்பில், இந்த இடத்தில் எப்போதும் ஒரு கை உயரும். அப்புறம் அவர் எத்தனை வருடம் இருந்தார் மேடம் என்று. அறுவை நன்றாக நடந்தது, காண்டீன் இட்லியைக் குறை சொல்லிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பிப் போனார், அவ்வளவு சொல்வேன். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நிறைய வருடம் என்றால், பார்த்தாயா இரண்டாவது எண் சரி என்பீர்கள். குறைவு என்றால், பார்த்தாயா முதல் எண்தான் சரி என்பீர்கள். அந்த அம்மாளின் ஆயுளை உங்கள் கணக்கைச் சரிபார்க்கத் தர எனக்கு மனமில்லை.

அறுவை அன்று காலையில் அவரை மேசையில் படுக்க வைத்திருந்தோம். சின்ன டாக்டர் கால்மாட்டில் நின்று, முழங்காலுக்கு அடியில் தலையணை சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தலைமாட்டில் மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு, பயமாக இருக்கிறதா என்று நாச்சம்மாளிடம் கேட்டேன். மேலே எரிந்த விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

“எல்லாரும் எல்லாந் தெரிஞ்ச மாதிரியே பேசுனாங்க டாக்டரம்மா. தெரியாதுன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தருதானுங்க. உங்க கையில நம்பித் தூங்கலாமுங்க.”